குளிர் அறைக்கு முன் ஒரு புளியமர நிழல்

ஒட்டன்சத்திரம் மண்டியில் தக்காளிக்கு 14 கிலோ பெட்டி கணக்கில்தான் விலை பேசுவார்கள். ஒரு வாரம் பெட்டி நல்ல விலைக்குப் போகும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இதைப் பார்க்கிற யாருக்கும் உடனே தோன்றுவது, ‘இங்கே ஒரு கோல்டு ஸ்டோரேஜ் இருந்தால் எப்படி இருக்கும்?’

நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியிலிருந்து நேராக மெஷின் விற்பவரிடம் போய் நின்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய அறையில் இப்போது உரமூட்டை அடுக்கியிருக்கிறது. நீங்கள் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறீர்கள், அல்லது பத்துப் பதினைந்து விவசாயிகள் சேர்ந்து ஐந்து டன் அளவில் ஒரு குளிர் அறை போடலாம் என்று யோசிக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கு. ஆயிரக்கணக்கான டன் பிடிக்கும் பெரிய கிடங்குகள் வேறு தொழில். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

ஒரு நோட்டு வாங்குங்கள்

முதல் செலவு, நாற்பது ரூபாய்க்கு எழுத ஒரு நோட்டு. ஒரு பருவம் முழுக்க, எவ்வளவு பறித்தோம், எவ்வளவு தரம் பிரித்ததில் கழிந்தது, மண்டியில் எவ்வளவு தள்ளினார்கள், ஏன் தள்ளினார்கள் என்று எழுதி வாருங்கள். நசுங்கலா, வெயிலில் வாடியதா, அதிகம் பழுத்ததா, அழுகலா என்று காரணத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

எந்த மேடையில் ஏறினாலும் நம் நாட்டில் காய்கறியும் பழமும் 40 சதவீதம் வீணாகிறது என்றுதான் பேசுவார்கள். லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் காய்கறிகளுக்கு வந்த இழப்பு, பயிரைப் பொறுத்து, 4.58 முதல் 12.44 சதவீதம் வரைதான். பழங்களில் மிக அதிகமாக இருந்த கொய்யாவுக்கே 15.88. இதுவும் சின்ன நஷ்டம் இல்லை. ஆனால் 40 சதவீதத்தை மிச்சம் பிடிப்போம் என்று எழுதிய திட்ட அறிக்கையை வைத்துக் கடன் வாங்கினால், தவணை கட்டும்போது அந்த 40 எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிவரும். உங்கள் ஊர்க் கணக்கு உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

நோட்டில் கழிவின் பெரும்பகுதி நசுங்கல் என்று வந்தால் குளிர் அறை வேண்டாம், பிளாஸ்டிக் கிரேட் (காய் அடுக்கும் பெட்டி) வாங்குங்கள். சாக்கிலும் மூங்கில் கூடையிலும் ஒன்றன் மேல் ஒன்றாகத் திணித்து ஏற்றியதால் அடிபட்ட காயை எந்தக் குளிரும் தேற்றாது. அடிபட்ட இடத்தில்தான் அழுகல் முதலில் பிடிக்கும். அப்புறம் பக்கத்துக் காய்க்கும் பரவும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறம் திரும்பிய பக்குவத்தில் பறித்த தக்காளியைச் சரியான குளிரில் வைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். அவ்வளவுதான். விலை வீழ்ச்சி ஒன்றரை மாதம் நீடித்தால் இந்த அறையால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நாள், ஐந்து நாள் தள்ளி விற்கவும், ஒரு லாரிக்குச் சரக்கு சேரும்வரை காத்திருக்கவும், தரகரிடம் ‘இன்றைக்கு இல்லை, நாளைக்கு’ என்று சொல்லவும்தான் இது உதவும். அந்தச் சின்ன அவகாசம் உங்களுக்கு எத்தனை ரூபாய் பெறும் என்பதைத்தான் நோட்டு காட்ட வேண்டும்.

எந்தக் காய்க்கு எத்தனை டிகிரி

புதிதாக இறங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘குளிர் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது’ என்ற நினைப்பு வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து வந்தது. ஆனால் வாழைப்பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் தோல் கறுத்துப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெப்பமண்டலத்துப் பயிர்கள் பலவற்றுக்கும் 10 டிகிரிக்குக் கீழே போனாலே உள்ளே திசு கெட ஆரம்பித்துவிடும். வெளியே எடுக்கும்வரை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எடுத்த மறுநாள் குழிவிழும், கறுக்கும், பழுக்காமல் அப்படியே நிற்கும். இதைக் குளிர்க்காயம் என்கிறோம்.

பச்சை வாழைக்கு 13 முதல் 14 டிகிரி. மாங்காய்க்கு 12, 13. நிறம் திரும்பும் தக்காளிக்கும் ஏறக்குறைய அதுவே. நன்றாகச் சிவந்துவிட்ட தக்காளி 8 முதல் 10 வரை தாங்கும். கத்தரி, வெள்ளரிக்கு 10 முதல் 12. வெண்டைக்கும் பச்சை மிளகாய்க்கும் 7 முதல் 10. பீன்ஸுக்கு 5 முதல் 7. மலைக்காய்கள் வேறு ஜாதி: கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் உறைநிலையை ஒட்டி, 0 டிகிரியில், நல்ல ஈரப்பதத்தோடு இருக்கவே விரும்பும். கொத்தமல்லியும் திராட்சையும் அப்படித்தான். உருளைக்கிழங்கைச் சமையலுக்கு வைப்பதானால் 7 டிகிரிக்குக் கீழே போகாதீர்கள். மாவுச்சத்து சர்க்கரையாகி, வறுத்தால் கறுக்கும். விதைக்கிழங்குக்கு மட்டும் 2 முதல் 4 டிகிரி.

ஆக, ஓர் அறையில் எல்லாவற்றையும் வைக்க முடியாது. உங்கள் பகுதியில் தக்காளி, கத்தரி, மாங்காய், வாழை என்றால் 12–13 டிகிரியில் ஓர் அறை போதும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை விடும். வாழைப்பழம் பழுக்கவைக்கிறவர்கள் பயன்படுத்துவதும் இதே வாயுவைத்தான். பழுத்த மாம்பழத்தோடு பச்சை வாழைத்தாரை ஒரே அறையில் வைத்தால் தார் சொல்லாமல் கொள்ளாமல் பழுத்துவிடும். வெள்ளரி மஞ்சளாகும், கீரை உதிரும், கேரட் கசக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு குழு அறையைத் திறந்த முதல் வாரமே தக்காளி, வாழை, கோஸ், கொத்தமல்லி எல்லாவற்றையும் ஏற்றி 4 டிகிரியில் வைத்தது. கோஸ் பிழைத்தது. தக்காளி வெளியே வந்தபின் சிவக்கவே இல்லை. வாழை சாம்பல் நிறத்தில் நின்றது. மெஷின் சரியில்லை என்று கம்பெனிக்காரரோடு ஒரு மாதம் சண்டை. பாவம், மெஷின் சொன்னதைத்தான் செய்தது.

வயல் சூட்டை வயலிலேயே விடுங்கள்

மத்தியானம் இரண்டு மணிக்குப் பறித்த தக்காளியைக் கையில் எடுத்தால் சுடும். அந்தச் சூட்டைத்தான் வயல் சூடு என்கிறோம். பறித்த காய் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சு விடுகிறது. சூடு 10 டிகிரி ஏறினால் அது கெடும் வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். மூன்று மணி நேரம் வெயிலில் கிடந்த காய் தன் ஆயுளில் ஒரு நாளைக் களத்திலேயே செலவழித்துவிட்டு வருகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு டன் தக்காளியை 32 டிகிரியிலிருந்து 12-க்கு இறக்க வேண்டும் என்றால், அதிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 78,000 கிலோஜூல். அதாவது மின்சார யூனிட் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 22 யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று மணிக்கு ஐந்து யூனிட் அளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். சுவர் வழியாக வரும் சூடு, கதவைத் திறந்து மூடுவது, காயின் மூச்சு எல்லாம் சேர்ந்தால் அந்த ஒரு டன்னுக்கே ஏழெட்டு மணி நேரம் ஆகிவிடும். ‘ஐந்து டன் அறை’ என்றால் ஐந்து டன் வைத்திருக்க முடியும் என்று அர்த்தம், ஒரே நாளில் ஐந்து டன்னைக் குளிர்விக்க முடியும் என்று அர்த்தமில்லை. விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். ‘ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சூடான சரக்கு ஏற்றலாம்?’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இப்போது அதே ஒரு டன்னை விடியற்காலையில், காய் 22 டிகிரியில் இருக்கும்போது பறித்தால்? எடுக்க வேண்டிய வெப்பம் நேர் பாதி. மெஷினுக்குப் பாதி வேலை, மின்சாரத்தில் பெரும் மிச்சம், ஒரு பைசா முதலீடு இல்லை. ஆகவே இயந்திரம் வரும்முன் மூன்று பழக்கங்களைக் குழுவில் கொண்டுவாருங்கள்: விடிந்ததும் பறிப்பு, பறித்த காய் உடனே புளியமரத்தடிக்கோ ஓலைப் பந்தலுக்கோ போக வேண்டும், வண்டியில் ஏற்றும்போது மேலே வெளிர் நிறத் துணியோ ஈரச்சாக்கோ. கறுப்புத் தார்ப்பாய் மட்டும் வேண்டாம், அது அடுப்பு மாதிரி.

பறிப்புக்கு ஆள் காலை எட்டரைக்குத்தான் வருவார்கள் என்பீர்கள். நூறு நாள் வேலை, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் எல்லாம் எனக்கும் தெரியும். கூலியில் சற்றுக் கூட்டிக் கொடுத்தாவது ஆறு மணிக்கு வரவைக்க முடியுமா என்று பாருங்கள். அந்தக் கூடுதல் கூலி, மின்கட்டணம் இரண்டில் எது குறைவு என்பதை நோட்டில் போட்டால் தெரிந்துவிடும்.

மின்சாரம் இல்லாத இரண்டு அறைகள்

புதுடெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் உருவாக்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. பெயர் பெரிதாக இருக்கும், மின்சாரமில்லாக் குளிர்கலன் என்று வைத்துக்கொள்வோம். தத்துவம் நம் மண்பானைத் தண்ணீர்தான்.

நிழலான, காற்றோட்டமான, தண்ணீர் பக்கத்தில் உள்ள இடம் வேண்டும். 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வரி செங்கல்லைத் தரையில் பரப்புங்கள். அதன் மேல் இரட்டைச் சுவர், உயரம் 67.5 சென்டிமீட்டர், இரண்டு சுவருக்கும் நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பி, நன்றாக ஊறும்வரை தண்ணீர் விடுங்கள். மேலே மூங்கில் சட்டத்தில் வைக்கோல் மூடி. அதற்கும் மேலே கூரை அவசியம். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். சுமார் 100 கிலோ பிடிக்கும். உள்ளே ஈரப்பதம் 90 சதவீதத்தை ஒட்டி நிற்பதால் கீரையும் வெண்டையும் வாடாது.

காற்று காய்ந்திருக்கும் ஊரில்தான் இது வேலை செய்யும். 38 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் உள்ள சித்திரை மத்தியானத்தில் ஆவியாதலால் 24 டிகிரியை ஒட்டி இறங்க முடியும். அதே அமைப்பு கடலோரத்தில், 33 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், 29-க்குக் கீழே போகவே போகாது. தர்மபுரிக்கும் திண்டுக்கல்லுக்கும் சரி, நாகப்பட்டினத்தில் கட்டி ஏமாறாதீர்கள். ஐப்பசி மழையில் எங்கும் பயன் குறைவு.

சின்ன வெங்காயத்தை இதற்குள் வைக்கவே கூடாது. ஈரம் பட்டால் முளைக்கும், வேர்விடும், அழுகும். அதற்கு நம் ஊர் வெங்காயப் பட்டறைதான். பெரம்பலூர்ப் பக்கம் தரையிலிருந்து தூக்கி, அடியிலும் பக்கத்திலும் காற்று புகும்படி போடும் பட்டறையில், நன்றாகக் காயவைத்த வெங்காயத்தை மாதக்கணக்கில் வைக்கிறார்கள். வெங்காயத்துக்கு வேண்டியது குளிரைவிட உலர்ந்த காற்று. பட்டறையின் உயரத்தையும் அகலத்தையும் அளவோடு வைத்துக் காற்றுப்பாதையை மட்டும் சரிசெய்தால், குளிர் அறையின் செலவு இல்லாமலே வேலை முடிந்தது.

சரி, அறை கட்டலாம்

நோட்டும் விடியற்பறிப்பும் ஒரு பருவம் ஓடிய பின்னும் தேவை இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் இங்கே வாருங்கள். அப்போதும் முதலில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் சில உழவர் சந்தைகளிலும் வேளாண் வணிகத் துறை குளிர் அறைகள் வைத்திருக்கிறது. தோட்டக்கலைப் பயிர் அதிகமுள்ள சில மாவட்டங்களில் முதன்மைப் பதப்படுத்தும் மையங்களும் உண்டு. காலியாகக் கிடந்தால் வாடகைக்குக் கேளுங்கள். ஒரு பருவம் வாடகை அறையில் பழகினால் பாதித் தப்பை அடுத்தவர் செலவில் செய்துவிடலாம்.

சொந்தமாகத்தான் என்றால், பணத்தைச் சுவரில் போடுங்கள். எட்டு சென்டிமீட்டர் தடிமன் பஃப் பேனல் (நடுவில் நுரை அடைத்த, சூடு தடுக்கும் பலகை) உள்ளே விடும் சூட்டைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் விட்டுவிடும். ஏற்கெனவே ஒரு ஷெட் இருக்கிறதே, அதிலேயே மெஷினைப் பொருத்திவிடலாம் என்பது பிற்பாடு மின்கட்டணமாக வந்து நிற்கும். பேனல் இணைப்புகளில் சந்து இல்லாமல் அடைக்க வேண்டும், கதவுக்கு ரப்பர் விளிம்பும் உள்ளே பிளாஸ்டிக் பட்டைத் திரையும் வேண்டும். பேனல் அறைக்கு மேல் தனியாக ஒரு தகரக் கூரையோ கீற்றுக் கூரையோ போட்டு நிழல் கொடுங்கள்.

மெஷினில் இரண்டு வழி. 0 டிகிரிக் காய்களுக்கு முறையான குளிர்பதன யூனிட் தவிர வேறு வழி இல்லை. 12–13 டிகிரி போதும் என்பவர்களுக்குச் சாதாரண ஏ.சி.யே உதவும். கடையில் வாங்கும் ஏ.சி. 16 டிகிரியில் நின்றுகொள்ளும். அமெரிக்காவில் கூல்பாட் என்ற பெயரில் வந்த ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, ஏ.சி.யின் உணர்வானைக் (சென்சாரை) கொஞ்சம் சூடாக்கி, ‘இன்னும் குளிரவில்லை’ என்று நம்பவைத்து ஓடவிடும். இன்னோர் உணர்வான் குளிர்ச்சுருளில் பனி கட்டுகிறதா என்று பார்த்து நிறுத்தும். பழுதானால் டவுனில் உள்ள ஏ.சி. மெக்கானிக்கே வந்து பார்த்துவிடுவார் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஏ.சி. காற்றை உலர்த்திவிடும் என்பது குறை. தரையை நனைத்துவிடுங்கள், ஓரத்தில் ஈரச்சாக்கு போடுங்கள்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. கிணற்று மோட்டாருக்கு வாங்கிய இலவச இணைப்பில் குளிர் அறையை ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், பிடித்தால் அபராதம். இடம் முடிவாகும் முன்பே இ.பி. ஆபீஸில் போய் எந்தக் கட்டணத்தில் இணைப்பு தருவார்கள், எத்தனை மணி நேரம் மும்முனை வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

மின்வெட்டைப் பற்றி ரொம்பப் பயப்படத் தேவையில்லை. அதிகாலைக்குள் 12 டிகிரிக்கு வந்துவிட்ட மூன்று டன் காயே ஒரு பேட்டரி. கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் ஓரிரு டிகிரிதான் ஏறும். ‘உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம்’ என்று நாலு பேர் மாறி மாறித் திறப்பதுதான் கெடுதல். கரண்டே நிச்சயமில்லாத இடமென்றால் சூரியசக்தியில் ஓடி, பகலில் குளிரைச் சேமித்து இரவுக்குத் தரும் ஐந்து டன் அறைகள் விற்பனைக்கு இருக்கின்றன. முதலீடு கூடும், பழுதுபார்க்க எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி இல்லாத கதவை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஆள் உள்ளே மாட்டிக்கொள்வது கதை இல்லை.

அடுக்குவது, திறப்பது, எழுதுவது

அறைக்குள் போகும் முன் தரம் பிரியுங்கள். ஓர் அழுகல் காய் ஒரு கிரேட்டைக் கெடுக்கும். ஈரக் காயை ஏற்றாதீர்கள். கழுவியிருந்தால் நிழலில் உலரட்டும். துளையுள்ள கிரேட், அடியில் மரப்பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, மேலே கூரைக்கும் அடுக்குக்கும் நடுவே ஓர் அடி. காற்று சுற்றிவர வழி இல்லையென்றால் மூலையில் 18 டிகிரியும் ஃபேனுக்கு எதிரே 9 டிகிரியும் இருக்கும், சுவரில் உள்ள டிஸ்ப்ளே மட்டும் 12 என்று காட்டிக்கொண்டிருக்கும். டிஸ்ப்ளேயை நம்பாதீர்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடு கிரேட்டில் உள்ள காயின் சதைக்குள் குத்திப் பாருங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எழுத ஒரே ஆளுக்குப் பொறுப்பு.

விடியற்காலையில் சில நிமிடம் கதவைத் திறந்து உள்ளே சேர்ந்த வாயுவை வெளியேற்றுங்கள். அறை காலியாகும்போதெல்லாம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் தரையையும் கிரேட்டையும் கழுவிக் காயவிடுங்கள்.

வாடகை எவ்வளவு வைப்பது

நைஜீரியாவில் கோல்ட்ஹப்ஸ் என்ற நிறுவனம் சந்தைகளிலேயே சூரியசக்தி அறைகளை நிறுத்தி, 20 கிலோ கிரேட் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 100 நைரா என்று வாங்க ஆரம்பித்தது. விவசாயி அறை வாங்க வேண்டாம், கிரேட்டுக்கு மட்டும் காசு. நமக்கும் இந்த முறை பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். எண்கள் என் எடுத்துக்காட்டு, உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் மின்சாரம் 15,000, ஆள் சம்பளம் 12,000, கடன் தவணை 20,000. மொத்தம் 47,000 ரூபாய். அறையில் 250 கிரேட் பிடிக்கும். மாதம் முழுக்க சராசரியாக 150 கிரேட் இருந்தால் ஒரு கிரேட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்தரை ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே, கிலோவுக்கு 52 பைசா. ஐந்து நாள் வைத்தால் கிலோவுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் விலை ஏறியாக வேண்டும். அதே அறையில் சராசரி 50 கிரேட்தான் என்றால் ஒரு கிரேட்டுக்கு 31 ரூபாய். அந்த விலைக்கு யாரும் வைக்க மாட்டார்கள். பருவமில்லாத மாதங்களில் உள்ளே என்ன வைப்பது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பூ, பால் பொருள், வெளியூர் வியாபாரியின் பழம் என எதுவாவது வேண்டும், அறையின் டிகிரிக்கு ஒத்துவர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடனுக்கு மத்திய அரசு 2020-இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரை உள்ள கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, ஏழு ஆண்டு வரை என்று அறிவித்தார்கள். தோட்டக்கலை இயக்கத்தின் மானியம் பெரும்பாலும் வங்கிக் கடனோடு இணைந்தது, வேலை முடிந்து ஆய்வு செய்த பிறகு பின்னால் வருவது. மானியப் பணத்தை நம்பி மெஷின்காரருக்குத் தேதி சொல்லாதீர்கள். அளவுகோல்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நடப்பு ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

முதல் வாரம்

அறை வந்ததும் இரண்டு நாள் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரே தோட்டத்தில், ஒரே காலையில் பறித்த தக்காளியில் இருபது கிரேட் எடுங்கள். பத்து உள்ளே, பத்து வழக்கம்போல் ஷெட்டில். ஏழாம் நாள் இரண்டையும் எடை போட்டு, கழிவைப் பிரித்து, மண்டியில் தனித்தனியாக விற்றுப் பார்த்து, முதல் நாள் வாங்கிய அதே நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். குழுவில் ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்று முதல் கூட்டத்திலேயே சொன்ன பெரியவர் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். எடை போடும்போது தராசுப் பக்கத்தில் அவரை நிற்கவைத்துக்கொள்ளுங்கள்.